"சீக்கு எனக்குத்தானுங்களே"

என் மனைவியின் உள்ளங்காலில் இருந்த கரும்புள்ளியை, அவள் உருட்டும் ஊதுபத்தியின் கரிமாவை மிதித்து ஒட்டிய கறை என்றே இருவரும் நினைத்திருந்தோம். அது தோல் புற்றுநோய் என்று தெரிந்து ஆபரேஷன் செய்தார்கள். மறு வருடமே நுரையீரலுக்குப் பரவிவிட்டது.

மைசூர் ஆஸ்பத்திரியில், தமிழ் தெரிந்த டாக்டரம்மா என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். அந்தக் காலத்தில் நோயாளியிடம் இதையெல்லாம் சொல்லமாட்டார்கள். நானோ படித்தவர்கள் முன்னால் வாய் திறக்கக் கூசுகிறவன். அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு அவள் நொண்டியபடி வந்தாள்.

"சீக்கு எனக்குத்தானுங்களே டாக்டரம்மா? எங்கிட்டயே சொல்லுங்க. ஊசி போட்டா குணமாகுமா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். பிறகு அவளுக்கு நாற்காலியைக் காட்டினார்.

"குணமாகாதும்மா. சிலருக்குக் கட்டி கொஞ்ச காலம் சுருங்கும். வாந்தியும் அசதியும் இருக்கும். வேண்டாம்னா வலிக்கு மட்டும் மருந்து தரலாம்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் அழவில்லை.

"ரெண்டு ஊசி போட்டுப் பாக்கறனுங்க. சுருங்கலீன்னா நிறுத்திப்போடுங்க. இவரைக் கேக்காதீங்க. பஸ்ல டிக்கெட் கேட்டாக்கூட இவரு தலையத்தான் ஆட்டுவாரு."

டாக்டர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது.

கட்டி சுருங்கவில்லை. சொன்னபடியே ஊசியை நிறுத்தச் சொல்லிவிட்டாள். வலி மாத்திரையோடு கடைசி மாதங்களை வீட்டில் கழித்தாள். வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டாள், அக்கம்பக்கத்தாரோடு வம்பு பேசினாள்.

அவளுக்கு எது நல்லது என்று நான் எத்தனையோ பேரிடம் விசாரித்திருந்தேன். அவளிடமே கேட்கலாம் என்று மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.