மூன்று வயது மூத்தவர்

துறைமுகப் பூங்காவில் முப்பது வருடம் முன்பு தொக்சூ ஒரு போடு போட்டார். "எங்கப்பா என் பிறப்பைப் பதிஞ்சதே மூணு வருஷம் கழிச்சுத்தான்." அவர் காலத்தில் பலருக்கு அப்படித்தான், யாரும் சந்தேகப்படவில்லை. அன்றிலிருந்து சதுரங்கக் கூட்டாளி யோம் அவருக்குத் தம்பியானார். குடிக்க உட்கார்ந்தால் முதல் கோப்பை சோஜு மது அண்ணனுக்கு. நகர்த்திய காயைத் திருப்பி எடுக்கும் சலுகையும் அண்ணனுக்கு மட்டும்.

நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் படுத்தபோதும் தொக்சூ நர்ஸிடம், "சீட்டுல எழுபத்தெட்டுன்னு இருக்கும், நம்பாதீங்க. எண்பத்தொண்ணு!" என்றார். யோம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது வேறென்ன சொல்வார்?

மறுநாள் டாக்டர், மாத்திரை போதும் என்றார். பக்கத்துக் கட்டிலில் அறுபது வயதுக்காரர். இதயக் குழாயில் தொக்சூவுக்கு இருந்த அதே அளவு அடைப்பு. அவருக்கு அன்று காலையே ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது.

"அப்பாவுக்கு ஏன் இல்ல?" என்றாள் மகள் மியோங்ஹி.

"எண்பது தாண்டினா யோசிப்போம்மா. அவரே சொன்னாரே."

மியோங்ஹி மீன் குளிர்பதனக் கிடங்கில் பொறியாளர். "நாங்க பம்ப்போட வயசப் பாத்துக் கழிச்சுக் கட்ட மாட்டோம் டாக்டர், அளந்து பாப்போம். இவரோட சிறுநீரகம், நுரையீரல், நடை, எதையாவது அளந்தீங்களா?"

டாக்டர் ஃபைலைப் புரட்டினார். அளக்கவில்லை.

அவள் அப்பாவின் பக்கம் திரும்பினாள். "நீங்களும் உண்மையச் சொல்லிடுங்கப்பா. இன்னொரு வலி வந்தா தாங்காது."

தொக்சூ யோமைப் பார்த்தார். "டேய், போய் ஒரு காபி குடிச்சிட்டு வா."

"குடிச்சாச்சுண்ணே."

சுவரைப் பார்த்துச் சொன்னார்: "எழுபத்தெட்டுதான்."

யோம் எழுந்தே விட்டார். "எனக்கு எழுபத்தொன்பதுடா, திருட்டுப்பயலே! திருப்பி எடுத்த காயெல்லாம் எங்கடா?"

எல்லாவற்றையும் அளந்தார்கள். வியாழக்கிழமை ஸ்டென்ட் வைத்தார்கள். டாக்டர் அசடு வழிந்தார். "இந்த அளவுகளுக்கு எண்பத்தொண்ணா இருந்தாலும் வெச்சிருக்கலாம்."

"அப்ப என் வாயை ஏன்யா பிடுங்குனீங்க!" என்று கத்தினார் தொக்சூ.

அதன்பின் ஐந்து வருடம் தம்பியாக வாழ்ந்தார். கோப்பை நிரப்பினார், ஆட்டத்தில் தோற்றார். இந்த வசந்தத்தில் தூக்கத்திலேயே போய்விட்டார்.

அந்த ஊர் வழக்கப்படி, இறந்தவர் இளையவர் என்றால் மூத்தவர் விழுந்து வணங்க வேண்டியதில்லை. யோம் முழங்கால் நோவோடு இரண்டு முறை வணங்கினார். மியோங்ஹி தடுக்கப் போனாள். அவர் கேட்கவில்லை. படத்தின் முன் முதல் கோப்பையை வைத்தார்.

"இந்த ஒரு காயைத் திருப்பி எடுத்துக்கோங்கண்ணே," என்றார்.