மச்சானுக்குக் கொடுக்காத சாவி

எலுமிச்சையை நறுக்கமாட்டார் அபாகுகி. பல்லால் ஓரத்தைக் கடித்துத் துப்பிவிட்டு, சாற்றை உள்ளங்கையில் பிழிந்து, இமைகளின் மேல் மெதுவாகத் தடவிக்கொள்வார். கண்ணீர் வழியும். துடைக்காமலே வண்டியைக் கிளப்புவார். "இப்பத்தான் ரோடு முழிச்சுக்கிச்சு" என்பார்.

எங்கள் தீவில் சவுசவு ஊரிலிருந்து மலையேறும் பள்ளிப் பேருந்து, அவருடைய சொந்த வண்டி. ஜன்னல்களில் கண்ணாடி கிடையாது. மழை வந்தால் தார்ப்பாயை இறக்கிவிடுவார். பனி கலையாத காலைகளில் தென்னைகள் அடிமரம் இல்லாமல் மிதக்கும். கோயில் பாட்டு ஒன்றை முனகியபடி ஓட்டுவார். சில நாள் பாட்டு நடுவில் நின்றுபோகும், வண்டி மட்டும் போய்க்கொண்டிருக்கும். பிள்ளைகள் மிச்ச வரியைக் கூவுவார்கள். அவர் திடுக்கிட்டுச் சேர்ந்துகொள்வார். அதை விளையாட்டு என்று நினைத்தார்கள்.

செவிலி மெரேவாலேசி அப்படி நினைக்கவில்லை. சுகாதார நிலையத்தில் கணினி பார்க்கும் என் முன்னால்தான் கேட்டார்:

"குறட்டை விடுவியா?"

"நான் எங்க கேட்டேன் சிஸ்டர்? தூங்கிக்கிட்டுல்ல இருப்பேன்."

தீப்பெட்டி அளவுக் கருவி ஒன்றை அவர் கையில் வைத்தார் செவிலி. "தூக்கத்துல மூச்சு நின்னா நெஞ்சுத் துடிப்பு மந்தமாகும், மூச்சு திரும்பினதும் பதறி ஓடும். இது அதைப் புடிச்சு வச்சுக்கும். நெஞ்சுல ஒட்டிக்கிட்டுப் படு. இன்னிக்கு கவா வேர்ச்சாறு குடிக்காத."

மறுநாள் அபாகுகி அதைத் திரும்பக் கொண்டுவந்தார். திரையில் கோடு கடலைப்போல இருந்தது. தணிந்து, மேலும் தணிந்து, சட்டென்று துள்ளி எழும், மறுபடி தணியும். இரவு முழுக்க அப்படியே.

"லம்பாசா ஆஸ்பத்திரி டாக்டர் பாக்குற வரைக்கும் வண்டியத் தொடாத. வழியெல்லாம் பள்ளம், வண்டி நிறையப் பிள்ளைங்க."

அபாகுகி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இந்த நெஞ்சு ரொம்பக் கஷ்டப்படுதா சிஸ்டர்?" என்று மட்டும் கேட்டார்.

வாசலில் காத்திருந்தார் இலைதியா, அபாகுகியின் அத்தை மகன். "சாவியக் குடு மச்சான். எருமை தூங்குன வண்டிய இனி மனுசன் ஓட்டட்டும்."

வேறொரு நாளாக இருந்தால், "ஒன் மூஞ்சியப் பாத்தா வண்டி பின்னாடிதான் போகும்" என்று பதில் வந்திருக்கும், சாவியும் வந்திருக்கும். இங்கே மச்சான் கேட்டதை இல்லையென்று சொல்வதில்லை. இலைதியா அன்று இடுப்பில் கட்டியிருந்த வேட்டிகூட அபாகுகியுடையதுதான்.

"தரமாட்டேன்" என்றார் அபாகுகி. சாவியைச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டார்.

இலைதியாவின் சிரிப்பு முகத்திலேயே நின்றுபோனது. வண்டி ஓடவில்லை. பிள்ளைகள் மலையேறி நடந்தார்கள். பொறாமை பிடித்தவன், மச்சானுக்கே இல்லையென்றவன் என்று ஊர் பேசியது. அபாகுகி ஞாயிறு முடிந்ததும் இலைதியா வீட்டுக்குப் போனார்.

"எங்கூட லம்பாசாவுக்கு வா மச்சான். தனியாப் போகப் பயமா இருக்கு."

மச்சான் கேட்டால் இலைதியாவும்தான் மறுக்க முடியாது. முறைத்துக்கொண்டே கிளம்பினார்.

வெகுநாள் கழித்து மெரேவாலேசி எனக்குச் சொன்னார். அபாகுகி கேட்டுக்கொண்டபடி டாக்டர் இருவருக்குமே கருவியைக் கட்டியிருக்கிறார். அபாகுகியின் கோடு சீராக ஓடியிருக்கிறது. அவரைத் தூங்கவைத்தது தினம் குடித்த கவாதான். சுகாதார நிலையத்துக் கருவி வீட்டுக்கு வந்த மாலையே, "நல்லாருக்கே மச்சான், எனக்குக் குடு" என்று கேட்டிருக்கிறார் இலைதியா. அன்றிரவு அதை நெஞ்சில் ஒட்டிக்கொண்டு படுத்தது அவர்தான்.