ஒரு சொட்டும் சிந்தாமல்

எங்கள் நைனா பஸ் டிரைவராக இருந்த காலத்தில், எஞ்சின் எண்ணெய் மாற்றுகிற நாளன்று மட்டும் வெள்ளை வேட்டி கட்டுவார். மற்ற டிரைவர்கள் அன்றைக்கு இருப்பதிலேயே கிழிந்ததை இடுப்பில் சுற்றிக்கொண்டு வண்டிக்கு அடியில் போவார்கள். நைனாவோ தலையைப் படிய வாரி, தோய்த்து மடித்த வேட்டியைக் கட்டிக்கொண்டு, கல்யாணத்துக்குப் புறப்பட்டவர் போல வந்து நிற்பார்.

யுத்த காலம் அது. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் கரியில் ஓடின. வண்டியின் முதுகில் பீப்பாய் மாதிரி ஓர் அடுப்பு இருக்கும். அதில் கரியைக் கொட்டிப் பற்றவைத்து, கையால் சக்கரம் சுற்றி ஊதினால், அதிலிருந்து வரும் புகைதான் எஞ்சினை ஓட்டும். சக்கரம் சுற்றுவது சித்தப்பா. நைனாவின் தம்பி, அதே வண்டியில் கிளீனர். செம்பரம்பாக்கம் ஏரியை ஒட்டிய எங்கள் சேரியின் முனையில்தான் ராத்திரி வண்டி நிற்கும். காலையில் புறப்பட்டுப் பூந்தமல்லி, வேலப்பன்சாவடி என்று பட்டணத்துப் பக்கம் போய்த் திரும்பும். ஏரித் தண்ணீரில் அடுத்தவன் நிலத்தில் நாற்று நட்ட குடும்பத்தில், சேற்றிலிருந்து முதலில் காலை எடுத்தவர் நைனா. அவர் காலை எடுத்ததால்தான் என் கைக்குப் பலகையும் பலப்பமும் வந்தன. இது அப்போதே எனக்குத் தெரியும். வேறு பல விஷயங்கள் தெரியாது.

கரிப்புகை போகிற எஞ்சினில் எண்ணெய் சீக்கிரமே கறுத்துக் கூழாகிவிடும். அடிக்கடி மாற்ற வேண்டும். பட்டணத்துக்கு அனுப்பி மாற்றிவர முதலாளிக்கு மனம் வராது, டிரைவரே மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். அதுவும் வண்டி ஓடிவந்த சூட்டோடு மாற்ற வேண்டும். ஆறிப்போனால் கசடு உள்ளேயே தங்கிவிடும். மண்ணில் மல்லாந்து படுத்து, எண்ணெய்த் தொட்டியின் பக்கத்தில் இருக்கும் திருகைக் கழற்றுவார்கள். கடைசிச் சுற்றில் திருகு நழுவிக் கீழே விழும். கொதிக்கிற எண்ணெய் விரலில் இறங்கி முழங்கைக்கு ஓடும். விழுந்த திருகை அந்தக் கறுப்புக் குட்டைக்குள் கைவிட்டுத் துழாவ வேண்டும். மாற்றி முடிப்பதற்குள் மனிதன் பாதி கரடியாகிவிடுவான்.

அப்படி ஒருமுறை படுத்திருந்தபோது எண்ணெய் நைனாவின் முகத்தில் கொட்டிவிட்டது. இரண்டு கண்ணிலும். அம்மா ஓடிப்போய், பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றிருந்தவளிடம் தாய்ப்பால் கேட்டு வாங்கிவந்து கண்ணில் விட்டாள். இரண்டு நாளில் சிவப்பு இறங்கியது. ஆனால் அதன்பிறகு தினமும் படுக்கும்போது நைனாவின் கண்மேல் நந்தியாவட்டைப் பூ வைத்துக் கட்ட ஆரம்பித்தாள். பூப் பறித்து வருவது என் வேலை. முதலாளி வீட்டு மதிலுக்கு வெளியே ஒரு கிளை நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளே போய்ப் பறிக்க எங்களுக்கு வழியில்லை.

"எதுக்கும்மா டெய்லி பூவு?" என்று கேட்டேன்.

"கண்ணு சூடுடா. வண்டி ஓட்றவருக்குச் சூடு இருக்காதா?" என்றாள்.

இருக்கத்தானே செய்யும், அதுவும் கரி வண்டி ஆயிற்றே என்று நானும் ஒப்புக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் நைனா தன் புது முறையைக் கண்டுபிடித்தார். பூந்தமல்லிக் கொல்லரிடம் சொல்லி, நீளமான பிடி வைத்த குழாய் ஸ்பானர் ஒன்றை அடித்து வாங்கினார். அதன் வாய்க்குள் துணியைத் திணித்துவிட்டால், கழன்ற திருகு கீழே விழாமல் அதிலேயே கவ்விக்கொண்டு நிற்கும். வண்டி நிற்கும் இடத்தில் முன்சக்கரம் வந்து உட்கார ஒரு பள்ளம் வெட்டினார்; ஆகவே வண்டி என்றைக்கும் ஒரே இடத்தில்தான் நிற்கும். தொட்டிக்கு நேராகத் தரையில் இரண்டு செங்கல்லைப் பதித்தார். அந்தச் செங்கற்களுக்கு நடுவே, வாயை அகல வெட்டி விளிம்பை மடக்கிய மண்ணெண்ணெய்த் தகரம். திருகுக்குக் கீழே ஒரு வாழை மட்டையைச் செருகி அதன் நுனியைத் தகரத்துக்கு மேலே நீட்டிவிட்டால் வேலை முடிந்தது. வண்டிக்கு வெளியே குந்திக்கொண்டு ஸ்பானரைத் திருப்பினால், எண்ணெய் மட்டை வழியே சாதுவாக ஓடித் தகரத்தில் இறங்கும். மட்டையைத் தூக்கி எறிந்துவிடலாம். கையில் கறை கிடையாது. புது எண்ணெய் ஊற்றி, அளவுக் கம்பியை வெளியே இழுத்து, கட்டைவிரலால் தடவியே "போதும்" என்பார். கம்பியைக் கண்ணால் பார்க்கவே மாட்டார். என்ன கெத்து என்று நான் பூரித்துப்போவேன்.

இந்த வேடிக்கையைப் பார்க்க மற்ற டிரைவர்கள் வருவார்கள்.

"இன்னா அண்ணாத்தே, ஆயில் மாத்த வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?" என்று கேட்டார் வேலப்பன்சாவடியிலிருந்து வந்த ஒருவர்.

"ரெண்டுத்துக்கும் கை சுத்தமா இருக்கணும் மாமே," என்றார் நைனா.

ஊர்ப் பக்கத்து மாட்டுவண்டிக்காரர்கள்கூட வந்தார்கள். முன்பெல்லாம் மண்ணோடு கலந்து வீணாகிற கறுப்பெண்ணெய், இப்போது மண் படாமல் கிடைத்தது. மண் இருந்தால் வண்டி அச்சைத் தின்றுவிடும்; இது அச்சுக்கு அருமையான மசகு. எங்கள் தெருவில் கால் வைக்காதவர்கள், தெருமுனையில் தள்ளி நின்றபடி "எங்களுக்குக் கொஞ்சம்" என்று கலயத்தை நீட்டினார்கள். எங்கள் அழுக்கெண்ணெய்க்குத் தீட்டு இல்லை போலிருக்கிறது.

வேலை முடிந்ததும் நைனா எழுந்து நின்று, இரண்டு கையையும் விரித்துக் காட்டி, கூட்டத்தைக் கேட்பார்: "பாத்துக்குங்க. ஒரு சொட்டு கீழ கீதா?"

முதலில் சித்தப்பா சொல்வார்: "இல்ல அண்ணாத்தே." பிறகு எல்லாரும் "இல்ல, இல்ல" என்போம்.

சித்தப்பா இல்லாமல் நைனா எதையுமே செய்வதில்லை. நான் பூந்தமல்லி வரை அந்த வண்டியில் போகும்போது பார்ப்பேன். சித்தப்பா டிரைவர் சீட்டுக்குப் பக்கத்திலேயே நின்று பேசிக்கொண்டே வருவார். "சோத்துக்கை பக்கம் மாட்டு வண்டி, அண்ணாத்தே." "பொம்பளைங்க தாண்டுறாங்க, புடி பிரேக்கை." "மிலிட்டிரி லாரி வர்றான், ஒதுங்கிக்க." கிளீனர் என்றால் இப்படிக் குரல் கொடுப்பதுதான் உத்தியோகம் என்று நினைத்து, நானும் ஒருநாள் கிளீனராக வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

ஒருநாள் அடுப்பங்கரையில் அம்மாவும் சித்தப்பாவும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"எத்தினி நாளுக்கு இப்டியே ஓட்றது? ஒரு உசுரு போய்ட்ச்சின்னா?"

"நான்தான் கூடவே கீறேனே அண்ணி."

"மொதலாளிக்குத் தெரிஞ்சா அன்னிக்கே எறக்கி உட்ருவாரு."

கரி அடுப்பு வெடிக்கும் என்று பயப்படுகிறாள் என நினைத்துக்கொண்டேன். அது வெடிக்காது என்று அவளுக்குத் தைரியம்கூடச் சொன்னேன். அவள் என் தலையைத் தடவிவிட்டு அடுப்பை ஊதப் போனாள்.

புது முறையின் புகழ் முதலாளி காதுக்கும் எட்டியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வெயில் சாய்வதற்கு முன்பே, வேறு இரண்டு பஸ் முதலாளிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு அவரே வந்துவிட்டார். எங்கள் சேரிக்குள் கார் வந்தது அதுதான் முதல் தடவை. தெருவே திரண்டது. சித்தப்பா மட்டும் இல்லை. கரி மூட்டை ஏற்றிவர ஆவடிக்குப் போனவர் இன்னும் திரும்பவில்லை.

நைனா வெள்ளை வேட்டியில் வந்து கும்பிட்டார். "தம்பி வந்துடட்டும் மொதலாளி, செஞ்சி காட்றேன்."

"தம்பி எதுக்குப்பா? ஒத்தை ஆளா செய்றேன்னுதானே ஊரே பேசிக்குது?" என்றார் முதலாளி.

நைனா தகரத்தைச் செங்கற்களுக்கு நடுவே வைத்தார். காலால் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். மட்டையைச் செருகினார். பிறகு ஸ்பானரை எடுத்துவரச் சற்று நகர்ந்தார். அந்த நேரத்தில் முதலாளி குனிந்து, தகரத்தைத் தூக்கி, மடக்கிய விளிம்பைத் தன் சிநேகிதர்களிடம் காட்டினார். "படிக்காத பயல், இன்னா மூளை பாருங்க!" நல்ல மனதோடுதான் சொன்னார். காட்டிவிட்டுத் தகரத்தைத் திரும்ப வைத்தார். செங்கற்களுக்கு நடுவே அல்ல, ஒரு சாண் தள்ளி.

நைனா வந்து குந்தினார். ஸ்பானரைத் திருப்பினார். மற்ற நாட்களில் எண்ணெய் தகரத்தில் விழும் சத்தம் தெருவுக்கே கேட்கும். அன்று முதலாளியின் கார் எஞ்சின் அணையாமலே உறுமிக்கொண்டிருந்தது. எண்ணெய் மட்டை வழியே அழகாக ஓடி, தகரத்துக்குப் பக்கத்தில், மண்ணில் இறங்கியது. பரவியது. நைனாவின் பாதத்தைத் தொடாமல் சுற்றிக்கொண்டு, பின்னால் மண்ணில் புரண்ட வேட்டியின் கரையில் மெல்ல ஏறியது. அவர் நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். முகத்தில் அவருக்கே உரிய அந்தப் பெருமை இருந்தது.

பிறகு எழுந்து, இரண்டு கைகளையும் விரித்தார். கைகள் சுத்தமாகவே இருந்தன.

"பாத்துக்குங்க மொதலாளி. ஒரு சொட்டு கீழ கீதா?"

கூட்டத்தில் ஒருவன், "ஏரியே ஒடச்சிக்கினு போவுது, சொட்டாம்!" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நைனா தமாஷ் செய்கிறார் என்று நானும் கைகொட்டிச் சிரித்தேன். நைனாவும் கொஞ்ச நேரம் எங்களோடு சேர்ந்து சிரித்துக்கொண்டுதான் நின்றார். பிறகு குனிந்து, வேட்டியின் கரையைத் தொட்டார். விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்தார்.

சிரிக்காதவர்கள் இரண்டே பேர். கூட்டத்துக்குப் பின்னால் நின்ற என் அம்மா ஒருத்தி. முதலாளி மற்றொருவர். அவர் அருகில் வந்து, ஒன்றும் பேசாமல், நைனாவுக்கு முன்னால் கையை நீட்டினார். அந்தக் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. நைனா அதைத் தாண்டி எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாவியைக் குடுப்பா," என்றார் முதலாளி, மிக மெதுவாக.

குரல் வந்த திசையில் நைனா சாவியை நீட்டினார்.

மறுநாள் வேறு ஒருவர் வந்து வண்டியை ஓட்டிப் போனார். அம்மா அந்த வேட்டியை உவர்மண் போட்டு வேகவைத்து, கல்லில் அடித்து அடித்துத் துவைத்தாள். கரை கறுப்பாகவே நின்றுவிட்டது. சாயங்காலம் நான் பூப் பறிக்கக் கிளம்பியபோது, "இனிமே பூவு வேணாண்டா," என்றாள். வண்டி ஓட்டாததால் சூடு தணிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. அந்த ஒரு விஷயத்திலாவது நல்லதாயிற்று என்று நினைத்தேன்.

ஆனால் முதலாளியின் நியாயம் மட்டும் எனக்குப் பிடிபடவேயில்லை. மற்ற டிரைவர்கள் ஒவ்வொரு தடவையும் பாதி எண்ணெயை மண்ணில்தான் கொட்டுகிறார்கள். அவர்களை யாரும் இறக்கிவிடவில்லை. நைனா ஒரே ஒரு தடவை சிந்தினார். அதற்கு இத்தனை பெரிய தண்டனையா? சிந்தாமல் தகரத்தைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் இருந்தால் முதலாளி மனம் மாறிவிடுவார் என்று முடிவு செய்தேன். அந்த ஆள் நானேதான் என்றும் முடிவு செய்தேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்தத் தகரத்தில் ஏரிக் கால்வாய்த் தண்ணீரை விளிம்புவரை நிரப்பி, இரண்டு கையாலும் தூக்கி, வாசலில் உட்கார்ந்திருக்கும் நைனாவை நோக்கி நடந்து வருவேன். தகரம் கனக்கும். தண்ணீர் தளும்பி என் வயிற்றிலும் தொடையிலும் கொட்டும். அவருக்கு எதிரே கொண்டுவந்து வைக்கும்போது பாதிதான் மிஞ்சியிருக்கும்.

"சிந்திட்ச்சாடா?" என்று கேட்டார் நைனா.

"ஒரு சொட்டுகூட இல்ல, நைனா. பாரேன்," என்றேன். என் காலடியில் மண் குழம்பிக் கிடந்தது. டவுசரிலிருந்து தண்ணீர் அவருக்கு முன்னாலேயே ஒழுகிக்கொண்டிருந்தது.

அவர் என் பக்கமாக முகத்தைத் திருப்பினார்.

"பாத்தேன்டா," என்றார். "நல்லாத்தான் கொண்ணாந்துகீறே."

அவ்வளவு தண்ணீரையும் கண்டும் காணாதவர் போல் விட்டுவிட்டாரே என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இந்தப் பெரிய மனசு முதலாளிக்கு இல்லாமல் போயிற்றே என்று நினைத்தபடி, மறுபடியும் தகரத்தை நிரப்பக் கால்வாய்க்கு ஓடினேன்.