வாங்கில இருந்த ஆக்களின்ர கண்

பள்ளிக்கூட வான் ஓடுறவனுக்குக் கண் மங்குதெண்டு ஊரில ஒரு கதை கிளம்பினால் போதும், அடுத்த மாசம் அவன் பிள்ளையளுக்குப் பதிலா வெங்காய மூட்டைதான் ஏத்தோணும். என்ர வானில பன்னிரண்டு பிள்ளையள். அன்புவழிபுரத்தில ஏத்தி டவுனுக்குள்ள இறக்கிறது, பள்ளிக்கூடம் விட்டாப் பிறகு திருப்பி வீடுவீடாக் கொண்டுபோய்க் குடுக்கிறது. அதால, மூண்டு வருசத்துக்கு முந்தி தூரத்துப் பெயர்ப்பலகையள் எல்லாம் தண்ணியில நனைஞ்ச மாதிரித் தெரியத் தொடங்கினபோது நான் ஒருத்தருக்கும் மூச்சு விடேல்ல. பலகை எழுதுறவங்களுக்கு இப்ப எழுதத் தெரியாது எண்டு கொஞ்சநாள் திட்டிக்கொண்டு திரிஞ்சனான்.

மனுசிதான் கண்டுபிடிச்சவ. ஒருநாள் பின்னேரம் துறைமுகத்தடியில ரெண்டு பேரும் நிண்டு காத்து வாங்கேக்க, "அந்தச் சாம்பல் கப்பல் எவ்வளவு பெரிசு பாத்தீரே" எண்டனான். எந்தக் கப்பல் எண்டு கேட்டா. கையை நீட்டிக் காட்டினன். அது அங்கால் கரையில இருக்கிற கட்டிடமாம்.

"இஞ்சருங்கோ, நாளைக்கே கண்ணைக் காட்டுங்கோ. ஊரான் பிள்ளையள் அது."

கண்ணாடிக் கடை மார்க்கெட் பக்கம். கடைக்காரர் கிண்ணியா முஸ்லிம் ஆள், என்னைவிடப் பத்து வயசு கூட, அண்ணன் முறையில நானா எண்டுதான் கூப்பிடுறது. ஐம்பத்தைஞ்சு வயசான என்னை இந்த டவுனில இன்னும் "தம்பி" எண்டு கூப்பிடுறது அவர் மட்டும்தான். அதுக்காகவே போகலாம். கடை ஒடுக்கம். ஒரு பக்கம் கண்ணாடி அலுமாரி, மற்றப் பக்கம் ஆக்கள் காத்திருக்கிற நீட்டு மரவாங்கு, கடைசியில எழுத்துப் படம். சோதிக்கிற கதிரை வாங்குக்குப் பக்கத்திலயே கிடக்குது. தனி அறை எண்டு ஒண்டும் இல்லை.

இதைச் சொல்லவேணும். எங்கட ஊரில கண் சோதிக்கிறது தனி ஆள் செய்யிற வேலை இல்லை. கதிரையில ஒருத்தர் இருப்பார், வாங்கில ஐஞ்சு பேர் இருப்பினம். கதிரையில இருக்கிறவர் ஒரு எழுத்தில தடக்கினால், வாங்கில இருக்கிறவைக்கு மனம் கேக்காது. மெல்லமாச் சொல்லிக் குடுப்பினம். பரீட்சையில பக்கத்தில இருக்கிறவனுக்கு உதவாதவன் மனுசனே எண்ட மாதிரி ஒரு பெருந்தன்மை. நானும் எத்தினையோ பேருக்குச் சொல்லிக் குடுத்தனான். என்ர மாமியாருக்கு மூண்டு வரி முழுசாச் சொல்லிக் குடுத்து, அவ "எனக்கு ஒரு குறையும் இல்லை" எண்டு பெருமையா வீட்ட வந்து, வாசல் படியில தடக்கி விழுந்தவ.

என்ர முறை வந்தது. வாங்கில இருந்ததில ஒருத்தர் என்ர வானில வாற பெடியன் ஒருத்தன்ர தகப்பன். என்னைக் கண்டவுடன தலையாட்டிச் சிரிச்சார். நானும் சிரிச்சுக்கொண்டு கதிரையில ஏறினன். மேல் வரி பிழையில்லை. ரெண்டாவது ஒரு மாதிரி ஓடிச்சுது. மூண்டாவது வரியில எறும்புகள் ஊர்ந்துகொண்டு திரிஞ்சுது. தெரியேல்ல எண்டு சொல்ல வாய் எடுத்தால், அந்த மனுசன் என்னையே பாத்துக்கொண்டு இருக்கிறார். அந்த நேரம் பாத்து, இறக்கக்கண்டியில இருந்து வந்திருந்த மீன் யாவாரி ஒருத்தர், வாயைக் கையால பொத்திக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாச் சொன்னார். நான் சொன்னன். நாலாவது வரியும் சொன்னன். தகப்பன்காரன் திருப்தியா வெத்திலையை வாயில போட்டார்.

நானா ஒரு கடுதாசித் துண்டில ஏதோ எழுதி என்ர கையில தந்தார். பிறகு தேத்தண்ணி வந்தது. அந்தக் கடையில தேத்தண்ணி குடிச்சாச்செண்டால் ஃபிரேம் எடுக்காமல் எழும்புறது மரியாதை இல்லை. நானா முப்பது ஃபிரேம் பரப்பினார். முப்பதும் என்ர முகத்துக்கு எடுப்பாம். ஒண்டைப் போட்டால் வங்கி முகாமையாளர் மாதிரியாம், இன்னொண்டைப் போட்டால் வயசு நாப்பதாம். "யோசிச்சிட்டு வாறன் நானா" எண்டு துண்டைப் பொக்கற்றுக்குள்ள வைச்சுக்கொண்டு, கள்ளன் மாதிரி இறங்கினனான்.

வீட்டில மகள் துண்டை வாங்கிப் பாத்தா. அவ ஒரு கந்தோரில எழுத்து வேலை, காலைச் சாப்பாட்டைத் தவிர மற்றதெல்லாம் ஒன்லைனில வாங்கிற ஆள்.

"அப்பா, உதே கண்ணாடியை ஃபோனில எடுத்தால் பாதி விலை. அவர் கடை வாடகையையும் சேத்தெல்லோ உங்கட மூக்கில ஏத்துறார்."

முதலில கண்ணுக்குள்ள வைக்கிற லென்ஸைக் காட்டினா. ஒவ்வொரு நாளும் காலமை கழுவி, விரல் நுனியில ஏத்தி, இமையை விரிச்சு உள்ளுக்க ஒட்டோணுமாம். என்ர கண்ணில நானே விரலை விடுறதுக்கு நான் ஏன் காசு குடுக்கோணும் எண்டு கேட்டன். அந்தக் கதை அதோட முடிஞ்சுது.

பிறகு கண்ணாடி. ஃபோனை முகத்துக்கு நேர பிடிச்சால் அதுவே ஃபிரேமைப் போட்டுக் காட்டுமாம். பிடிச்சன். முதல் கண்ணாடியை என்ர நெத்தியில போட்டுது. ரெண்டாவதை எனக்குப் பின்னால சுவரில தொங்கின பிள்ளையாருக்குப் போட்டுது. அவருக்கு உண்மையாவே எடுப்பா இருந்தது. கடைசியில ஒரு கறுப்பு ஃபிரேமைத் தெரிஞ்செடுத்தம். துண்டில இருந்த இலக்கங்களை மகள் பதிஞ்சா. எல்லாம் முடியிற நேரத்தில அது ஒரு கேள்வி கேட்டுது, கண்மணிக்கும் கண்மணிக்கும் இடையில தூரம் எவ்வளவு எண்டு. துண்டில அது இல்லை.

அடுத்தநாள் பழைய கூலிங் கிளாஸ் ஒண்டை எடுத்துக்கொண்டு, ஆணி இறுக்கிற சாட்டில நானாவிட்டப் போனனான். இறுக்கித் துடைச்சும் தந்தார். காசும் வாங்கேல்ல. தேத்தண்ணி வேற.

"நானா, ரெண்டு கண்ணுக்கும் இடையில எவ்வளவு தூரம் இருக்கும்? சும்மா கேக்கிறன்."

"சும்மா ஆருக்குத் தம்பி அது வேணும்?" எண்டு சொல்லிட்டு நானா மற்ற ஆளின்ர ஆணியை இறுக்கப் போனார்.

எனக்குச் சரியான கோவம். என்ர முகத்தில இருக்கிற தூரத்தை எனக்கே சொல்ல மாட்டாராம். வீட்ட வந்து மனுசியின்ர தையல் நாடாவை எடுப்பிச்சன். அவ ஒரு நுனியை வலக் கண்ணுக்குக் கீழ பிடிச்சு, மற்ற நுனியை என்ர மூக்குக்கு மேலால கொண்டுபோய் இடக் கண்ணில வைச்சா. மேலால எண்டு சொல்லுறதைக் கவனியுங்கோ. என்ர மூக்கு சின்ன மூக்கில்லை. நாடா ஒரு மலை ஏறி இறங்கிச்சுது. ரவிக்கைக்குக் கழுத்து அளந்து பழகின கை, வளைவையும் சேத்துத்தானே அளக்கும். வந்த இலக்கத்தை மகள் பதிஞ்சா. ஃபோன் ஒரு கேள்வியும் கேக்கேல்ல, வாழ்த்துச் சொன்னது.

பத்து நாளில பார்சல் வந்தது. கொண்டு வந்தவருக்கு எங்கட ஒழுங்கை எந்தப் பக்கம் எண்டு பிடிபடேல்ல. கடைசியில நான்தான் பஸ் ஸ்ராண்டுக்குப் போய் அவரைத் தேடி என்ர வீட்டுக்கு வந்த சாமானை வாங்கினனான். கண்ணாடியைப் போட்டன். பலகையள் கொஞ்சம் தெளிவுதான். ஆனால் றோட்டு ஒரு பக்கம் சரிஞ்சிருந்தது. மத்தியானத்துக்குள்ள தலை இடிச்சுது. மகள் கொம்பனிக்கு எழுதினா. புதுக் கண்ணாடி பழக ரெண்டு கிழமை எடுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கோ எண்டு உடன பதில், கூடவே ஐஞ்சு நட்சத்திரம் தரச் சொல்லி ஒரு கேள்வி. எனக்கு அதில பத்து நட்சத்திரம் தெரிஞ்சுது. பத்தையும் குடுத்தனான்.

ஒரு பிழை விட்டவன் உடன ஒத்துக்கொண்டால் உலகத்தில அரைவாசிக் கரைச்சல் இல்லை. நான் அந்த ரகம் இல்லை. நானாவிட்டத் திரும்பிப் போறதெண்டால், ஏன் போனனான் எண்டு சொல்லோணும். அதுக்குச் சரிஞ்ச றோட்டில ஓடுறது பறவாயில்லை எண்டு நினைச்சன்.

எங்கட டவுனில மான் நடுறோட்டில படுத்திருக்கும், பள்ளிக்கூடப் பிள்ளையளைவிடச் சுதந்திரமாத் திரியும். எல்லா றைவர்மாருக்கும் பழக்கம். அந்தக் கிழமை, கடற்கரைப் பக்கம் திரும்பேக்க றோட்டோரம் ஒரு மான் படுத்திருந்தது. பிறேக் அடிச்சுக் காத்துக்கொண்டு நிண்டன். ஹோன் அடிச்சன். அது அசையேல்ல. பின்னால நிண்ட ஓட்டோக்காரன் இறங்கிப் போய், அந்த மண்ணிறச் சாக்கைக் காலால தள்ளி விட்டிட்டு என்னை ஒரு பார்வை பாத்தான்.

வான் முழுக்கச் சிரிப்பு. எனக்கு நேர பின்னால இருக்கிற மூண்டாம் வகுப்புப் பிள்ளைதான் கூடச் சிரிச்சவ. விக்கல் எடுக்கும்வரைக்கும் சிரிச்சவ.

"மாமாவுக்குக் கண் தெரியாது" எண்டு பின்னுக்கு ஒருத்தன் சொன்னான்.

"எனக்கு எல்லாம் வடிவாத் தெரியும். வாயை மூடிக்கொண்டு இருங்கோ எல்லாரும்." நல்லாச் சத்தம் போட்டுத்தான் சொன்னனான். அண்டையில இருந்து என்ன கண்டாலும் "மாமா மான், மாமா மான்" எண்டு ஒரே பகிடி. மரத்தைக் கண்டாலும் மான், பொலிஸ்காரரைக் கண்டாலும் மான்.

அடுத்த கிழமை ஒரு நாள் காலமை, அந்த மூண்டாம் வகுப்புப் பிள்ளை ஏறுற சந்திக்கு வந்தன். ஒருத்தரையும் காணேல்ல. பிள்ளை வராட்டித் தாய் சொல்லுறவ, அண்டைக்கு மறந்துபோனா போல எண்டு நினைச்சன். பின்னால இருந்து "மாமா, ஆள் நிக்குது, ஆள் நிக்குது" எண்டு கத்தினதுகள். மான் பகிடிதானே எண்டு எனக்குச் சுள்ளெண்டு ஏறிச்சுது. திரும்பியும் பாக்காமல் வானை இழுத்துக்கொண்டு போயிட்டன்.

அண்டைக்குப் பின்னேரம் தாய் ஃபோன் எடுத்தவ. ஏசுவா எண்டு நினைச்சன், ஏசேல்ல. ஏசியிருக்கலாம்.

"அண்ணா, நான் வேலைக்கு வெளிக்கிட்டுப் போட்டன். பிள்ளை பள்ளிக்கூடம் போகேல்ல, அந்தச் சந்தியிலயே கனநேரம் நிண்டிருக்கிறா. பக்கத்து வீட்டு அக்கா கண்டுதான் கூட்டிக்கொண்டு போனவ. நீங்கள் நேர பாத்திட்டுத்தான் போனீங்களாம். மான் எண்டு தான் சிரிச்சதுக்குத்தான் மாமா ஏத்தேல்ல எண்டு சொல்லி அழுகிறா. அவ சின்னப் பிள்ளை அண்ணா, மனசில வைக்காதேங்கோ."

நான் குசினி வாசலில ஃபோனைப் பிடிச்சபடி நிண்டன். வெக்கத்தில காது சுட்டுது. ஒரு தாய் என்னட்ட மன்னிப்புக் கேக்கிறா. கண்ணுக்கு முன்னால நிண்ட பிள்ளையைக் காணாமல் போனவன் நான். இன்னும் ரெண்டடி முன்னுக்கு வந்து நிண்டிருந்தால் என்ன நடந்திருக்கும் எண்டு யோசிச்சுப் பாத்தன். தாயிட்ட உண்மையைச் சொன்னனான். கண் தெரியேல்ல, பிள்ளையில ஒரு பிழையும் இல்லை எண்டு. சொல்லி முடிய, கூட்டாளி ஒருத்தனைக் கூப்பிட்டு, வானை நீ ஓடு எண்டு திறப்பை அவன்ர கையில குடுத்தனான்.

அடுத்தநாள் நானாவிட்டப் போய் அந்தக் கறுப்புக் கண்ணாடியை மேசையில வைச்சன். நானா அதைத் தூக்கி வெளிச்சத்தில பிடிச்சுப் பாத்தார்.

"இதை ஆருக்குத் தம்பி செஞ்சாங்க? ரெண்டு கண்ணும் காதுக்குப் பக்கத்துல உள்ள ஆளுக்கா?"

மலை ஏறின நாடாக் கதையைச் சொன்னன். அவர் சிரிச்சு ஓய்ஞ்ச பிறகு, "துண்டில நீங்கள் எழுதின இலக்கமும் சரியில்லை" எண்டு ஒரு குத்துக் குத்தினன். முழுப் பழியும் நான் ஏன் சுமக்கோணும்.

"அது உங்கட கண் இல்லையே தம்பி. வாங்குல இருந்த ஆக்கள்ட கண். மீன்காரர் சொன்னார், நீங்க சொன்னீங்க. எனக்குக் காது கேக்குது தானே."

"தெரிஞ்சுகொண்டே எழுதித் தந்தனீங்களே?"

"அம்புட்டுப் பேருக்கு முன்னால உங்கள நான் எப்பிடிக் குறைச்சுச் சொல்ற? ஃபிரேம் எடுத்த ஆக்கள நான் ஆளில்லாத நேரம் கூப்பிட்டு இன்னொருக்காப் பாப்பன். அப்பதான் தூரமும் அளப்பன். நீங்க துண்டோட ஓடிட்டீங்க."

நல்ல மனுசன், நல்ல யாவாரி. ரெண்டையும் பிரிச்சு எடுக்க ஏலாது. அந்த மரியாதையில என்ர வான் ஒரு பிள்ளையை இடிச்சிருந்தால் எண்டு கேக்க வாய் வந்தது. ஆனால் கதிரையில இருந்து பொய் சொன்னது நானெல்லோ.

நானா வாங்கில இருந்தவையைத் தேத்தண்ணிக் கடைக்கு அனுப்பிப்போட்டு, கதவைச் சாத்தி, எழுத்துப் படத்தையும் மாத்தினார். ரெண்டாவது வரியிலயே நான் "தெரியேல்ல" எண்டனான். "ஓம்" எண்டு எழுதினார். அடுத்ததும் தெரியேல்ல. சொல்லச் சொல்லச் சுகமா இருந்தது. ஒரு சின்ன அளவுகோலை என்ர மூக்குக்கு முன்னால நேர பிடிச்சு அளந்தார், மலை ஏறாமல்.

புதுக் கண்ணாடியோட திங்கக்கிழமை வானை எடுத்தனான். றோட்டு நேர கிடந்தது. சந்திக்கு முந்தின வளைவிலயே எனக்குத் தெரிஞ்சுது, சிவப்புக் குடை ஒண்டு. மழையும் இல்லை, வெயிலும் ஏறேல்ல. குடைக்குக் கீழ அந்தப் பிள்ளை, ரெண்டு கையாலயும் உயத்திப் பிடிச்சுக்கொண்டு.

நிப்பாட்டி இறங்கிப் போய்க் கதவைத் திறந்து விட்டன். "ஏனம்மா குடை?"

"உங்களுக்குத் தெரியட்டும் எண்டு."

"மாமா புதுக் கண்ணாடி போட்டிருக்கிறன் பாரும். இனிக் குடை வேண்டாம். எனக்கு எல்லாம் வடிவாத் தெரியும்."

பிள்ளை ஏறி இருந்து, குடையைச் சுருக்கி மடியில வைச்சா. கொஞ்ச நேரம் என்ர கண்ணாடியையே பாத்தா.

"அண்டைக்கும் நீங்கள் இப்பிடித்தான் சொன்னனீங்கள் மாமா."

இப்ப அவ ஆறாம் வகுப்பு. அந்தச் சந்தியில இண்டைக்குக் காலமையும் குடையை விரிச்சுப் பிடிச்சுக்கொண்டுதான் நிண்டவ.