பொன்னுருக்கலன்று சுத்தியல் தேடிய கதை

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளில் எனக்கு வாய்த்த சிநேகிதன் ஒல்லாந்தர் வழிவந்த ஒரு பறங்கி. யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஏலம் கூறுபவன். தன் பாட்டன்மாரின் ஒல்லாந்துப் பாஷையில் அவனுக்குத் தெரிந்தது ஒரே சொல்தான்: ஹாமர். "கொல்லன்ரை சம்மட்டியும் ஹாமர், என்ரை ஏலச் சுத்தியலும் ஹாமர், பியானோவுக்குள்ளை தட்டிறதும் ஹாமர், உன்ரை காதுக்குள்ளை கிடக்கிற எலும்பும் ஹாமர்!" என்று அளப்பான். "சொல்லுப் பஞ்சம் பிடிச்ச சனமடா நீங்கள்" என்று சிரிப்பேன். எங்களிடம் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பெயர் இருக்கிறதே என்று எனக்குப் பெருமை.

அந்தப் பெருமை என் பொன்னுருக்கலன்று பறந்தது. உரும்பிராயில் எங்கள் வீட்டில் தாலிப் பொன்னை உருக்கி, சுபநேரம் முடியுமுன் தட்டார் அதில் மூன்று தட்டுத் தட்டித் தாலி வேலையைத் தொடங்க வேண்டும். அது எங்கள் பக்க வழக்கம். பொன் உருகி, ஆறி, உருண்டையாகிவிட்டது. தட்டார் பெட்டியைக் கிளறினார். குறடு இருந்தது, ஊதுகுழல் இருந்தது. சுத்தியலைக் காணோம்! காலையில் வேறொரு கலியாண வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறார், புண்ணியவான்.

நீர்வேலியிலிருந்து வந்திருந்த பெண்ணின் தாய்மாமன் ஆரம்பத்திலிருந்தே இந்தச் சம்பந்தத்துக்கு முகங்கொடுக்காதவர். மணிக்கூட்டைப் பார்த்தார். "இன்னும் அஞ்சு நிமிஷம். நேரம் தப்பினால் நாங்கள் எழும்பிறம். பிறகு ஒருத்தரும் எங்கடை வீட்டுப் படலைக்கு வரவேண்டாம்."

பெண்ணை நான் ஒரேயொரு தடவை கோயிலில் பார்த்திருக்கிறேன். கட்டினால் அவளைத்தான் என்று அன்றைக்கே முடிவெடுத்தவன் நான்.

வீடு அல்லோலகல்லோலப்பட்டது. சித்தப்பா கிணற்றுக்குக் கல்லுடைக்கும் சம்மட்டியைத் தோளில் தூக்கிவந்தார். மாமி உலக்கையோடு ஓடிவந்தா. "ஐயோ, நான் தாலி செய்யிறதோ, மா இடிக்கிறதோ?" என்று தட்டார் தலையில் கைவைத்தார்.

அப்போதுதான், ஏலம் முடிந்த கையோடு அங்கே வந்திருந்த என் பறங்கிச் சிநேகிதன் தன் கோட்டுப் பையிலிருந்து கருங்காலியில் கடைந்த ஏலச் சுத்தியலை எடுத்து நீட்டினான். "இந்தாங்கோ ஐயா, ஹாமர்."

தட்டார் அதில் தண்ணீர் தெளித்து, கண்ணில் ஒற்றி, பட்டடையில் இருந்த பொன்னில் ஒரு தட்டுத் தட்டினார். பழக்கதோஷம், சிநேகிதன் வாய் சும்மா இருக்கவில்லை. "ஒருதரம்!" என்றான். எனக்கு உயிர் போய்வந்தது. இரண்டாவது தட்டு. "இரண்டுதரம்!" சனம் சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்தியது. பெண்ணின் மாமன் எழும்பினார். போச்சு, எல்லாம் போச்சு என்று கண்ணை மூடினேன்.

மூன்றாவது தட்டு விழுந்தது. "மூன்றுதரம்!" என்று ஒரு குரல் முற்றமெல்லாம் அதிர எழுந்தது. அது சிநேகிதனின் குரல் அல்ல. கண்ணைத் திறந்தால், மாமன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். "மாப்பிள்ளை எங்களுக்குத்தான்! இனி ஆரும் கூட விலை கேக்கேலாது!"

நான் மாப்பிள்ளைக் கோலத்தையும் மறந்து ஓடிப்போய் அவரைக் கட்டிப்பிடித்தேன்.