வேகாத மண்

வயிறு காலியாக இருக்கும்போது பைப்புப் புகை வெல்லம் காய்ச்சுகிற வாசம் அடிக்கும். இதை நான் யாரும் சொல்லித் தெரிந்துகொள்ளவில்லை. யுத்தம் நடந்த வருடங்களில், குன்னத்துக்கும் அரியலூருக்கும் நடுவே ஒரு புளியந்தோப்பில், கூடாரத்துக்குப் பின்னால் தங்கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, காற்று எங்கள் பக்கம் திரும்பும்போதெல்லாம் அந்தப் புகையை இருவரும் வாய் திறந்து இழுத்திருக்கிறோம். எனக்கு அப்போது பத்து வயது இருக்கலாம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோயிருந்தது.

கூடாரம் சென்னையிலிருந்து வந்த ஒரு சர்க்கார் அதிகாரியுடையது. பூமிக்கடியில் என்ன கல் இருக்கிறது என்று குழி வெட்டிப் பார்ப்பது அவர் வேலை என்பதால் ஊரில் அவரைக் 'கல்லு ஐயா' என்றார்கள். என் அம்மா அஞ்சலை அங்கே தண்ணீர் சுமந்தாள், கூடாரம் பெருக்கினாள், பாத்திரம் துலக்கினாள். ரங்கூனுக்குப் போன அப்பாவிடமிருந்து சண்டை தொடங்கியபின் கடிதம் இல்லை. மழையும் இல்லை. கம்பும் சோளமும் கருகிப்போன அந்தப் பருவத்தில், கூலியைவிட, கூடாரத்து அடுப்படியில் கிடைத்த வடிகஞ்சிதான் எங்களை உயிரோடு வைத்திருந்தது. இரண்டரை வயதாகியும் தங்கை நடக்கவில்லை. வயிறு மட்டும் பானை மாதிரி இருந்தது. சமையல்காரர் காதர் பாய் லப்பைக்குடிக்காட்டுக்காரர், முன்பு கப்பலில் சமைத்தவர். கஞ்சியை வடிக்கும்போது ஒரு கரண்டி சோற்றையும் தெரியாததுபோல அதில் விடுவார்.

கல்லு ஐயாவிடம் இரண்டு பைப்புகள் இருந்தன. ஒன்று முழுக்க மரம், ஏதோ சீமைப் புதரின் வேர்க்கட்டையில் கடைந்தது. மற்றொன்று வெளியே அதே மரம். உள்ளே, புகையிலை வைக்கிற குழிக்குள், வெள்ளையாக ஒரு சிறு கிண்ணம் பதித்திருந்தது. அதற்கு 'மீர்ஷாம்' என்று பெயர் சொன்னார். சாயங்காலம் குழி வேலை முடிந்ததும் அதைப் பற்ற வைத்துக்கொண்டு பாயிடம் பேசுவார். அடிக்கடி அது பைப்பைப் பற்றிய வழக்காகவே முடியும்.

"கட்டை பைப்பு முதல் மாசம் கசக்கும் பாய். உள்ள கரி ஏறி ஒரு பூச்சு பிடிச்சாத்தான் வாயில வைக்க முடியும். இது வாங்கின அன்னைக்கே இனிக்குது. சூட்டையும் ஈரத்தையும் இந்த வெள்ளையே குடிச்சுக்குது."

"குடிக்கட்டும் சார்," என்பார் பாய். "கட்டைக்கு ஒரு குணம், கல்லுக்கு ஒரு குணம். ரெண்டையும் ஒட்டி வச்சா எத்தனை நாளைக்கு சேந்திருக்கும்? கட்டைன்னா கட்டை. கீழ போட்டாலும் எடுத்துக் குடிக்கலாம்."

பாத்திரம் துலக்கிக்கொண்டே அம்மா குறுக்கே விழுவாள். அவள் சூளை வைக்கிற வீட்டில் பிறந்தவள். அவளுடைய அப்பா பானை சட்டியோடு சேர்த்து, கூலிக்காரர்கள் புகைக்கிற மண் 'சுங்கானும்' சுட்டு விற்றவர். "ரெண்டும் ஆவாதுங்க. சுங்கான் அழுக்கேறிடிச்சுன்னா எங்கப்பாரு தூக்கி நெருப்புல போட்டுருவாரு. மறுநா எடுத்தா பொறந்த புள்ள மாதிரி இருக்கும். கட்டைய அப்படிப் போட முடியுங்களா?"

"கை சுடுமே அஞ்சலை."

"சுடும்ங்க. சுட்டாத்தானுங்களே குடிக்கிறது நெருப்புன்னு நெனப்பு இருக்கும்."

கல்லு ஐயா சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புத் தந்த தைரியத்தில் அம்மா அந்த வெள்ளை என்ன மண் என்று கேட்டாள். கடல்நுரை என்று பெயர், ஆனால் கடலில் எடுப்பதில்லை, துருக்கி தேசத்தில் பூமிக்குள் தோண்டி எடுக்கிறார்கள் என்றார் அவர். தோண்டி எடுக்கிறார்கள் என்பது மட்டும்தான் அம்மாவின் காதில் தங்கியது.

அந்த வாரமே இன்னொரு பேச்சும் வந்தது. இங்கே வேலை முடிகிறது, கூடாரம் சேலம் பக்கம் போகிறது. கல்லு ஐயா அம்மாவிடம், "உன்னையும் லாரியில ஏத்திக்கலாம்னு பாக்கறேன். புள்ளைங்களை என்ன பண்ணுவ?" என்றார்.

"கூடவே கொண்டாந்துருவேங்க. ஒரு ஓரமா கெடக்கும்ங்க."

"சரி, கொண்டா."

அந்த ஒரு சொல்லை அம்மா அன்று முழுக்கத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். சேலம் எங்கே இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. அங்கே வடிகஞ்சி உண்டு, அது போதும்.

கல்லு ஐயா கட்டைப் பைப்பை எடுத்துக்கொண்டு இரண்டு நாள் வேலையாக விக்கிரமங்கலம் போனார். பாய் சாமான் வாங்க அரியலூர் போயிருந்தார். அம்மா மேசையைத் துடைக்கும்போது, வெள்ளைப் பைப்பில் சாம்பல் கிடக்கிறதே என்று அதை உள்ளங்கையில் கவிழ்த்துத் தட்டினாள். சாம்பலோடு வெள்ளைக் கிண்ணமும் கழன்று கையில் விழுந்தது. வைத்து அழுத்திப் பார்த்தாள். நிற்கவில்லை. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முகம் போன விதத்தில், சேலம் போய்விட்டது என்று எனக்கே தெரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்ளே கறுத்து, விளிம்பில் பழுப்பேறியிருந்தது. வெளிப்புறத்தில் நாக்கை வைத்தாள். நாக்கு ஒட்டியது. "மண்ணுதான்டா," என்றாள். "சுட்ட மண்ணுதான். பயப்படாத." மண்ணுக்கு நெருப்பு தாய் என்று அவள் அப்பா சொல்வாராம், தாயிடம் போன பிள்ளை கெட்டுத் திரும்பாது என்பாராம். கழன்றதை அப்படியே திருப்பிக் கொடுத்தால் உடைத்தவள் ஆவாள், புதுசாக வெளுத்துக் கொடுத்தால் வேலைக்காரி ஆவாள் என்று அவள் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

வரட்டியை அடுக்கி, உமியைக் கொட்டி, நடுவே கிண்ணத்தைப் புதைத்துத் தீ மூட்டினாள். பொழுது சாயும்வரை நாங்கள் மூவரும் அந்தக் குவியலைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். ஆறியபின் எடுத்து ஊதினாள். ஒரு விரிசல் இல்லை. முட்டை ஓடு மாதிரி அவ்வளவு வெள்ளை. அம்மா சிரித்ததைக் கண்டு தங்கையும் சிரித்தாள்.

பைப்புக்குள் வைத்தபோது அது 'கடகட' என்று ஆடியது.

அம்மா வெளியே எடுத்து, மறுபடி வைத்து, மறுபடி ஆட்டினாள். பிறகு, "சுட்ட மண்ணு ரெண்டாந்தரம் சுருங்காதுடா," என்றாள். "இது சுடாத மண்ணு. இத்தனை வருசமா நெருப்பை உள்ள வச்சிக்கிட்டு இருந்திருக்கு. ஒரு நாளும் வேவலை." கையிலிருந்த பொருளைப் பற்றி அல்ல, தன்னை ஏமாற்றிய ஒரு ஆளைப் பற்றிப் பேசுவதுபோல அதைச் சொன்னாள்.

திரும்பி வந்த பாய், தன் கை தவறிவிட்டது என்று ஐயாவிடம் சொல்லிக்கொள்வதாகச் சொன்னார். "வேணாம் பாய். ஒரு வீட்டு அடுப்பு அவிஞ்சா போதும்," என்று அம்மா மறுத்துவிட்டாள்.

கல்லு ஐயா வந்ததும் அவளே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் திட்டவில்லை. பைப்பைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். புகையிலை அடைத்துப் பற்ற வைத்து இரண்டு இழுப்பு இழுத்தார். இடுக்கு வழியே புகை கசிந்தது, மரம் சுட்டது. கீழே வைத்துவிட்டார். "உன் மேல தப்பு இல்ல அஞ்சலை. தெரியாம செஞ்சுட்ட. இதை நீயே வச்சுக்க. புள்ளைங்க விளையாடட்டும்."

மன்னித்துவிட்டார் என்று நாங்கள் நம்பினோம். லாரி புறப்படுகிற காலையில் அம்மா இரண்டு சட்டியையும் ஒரு கோரைப்பாயையும் மூட்டையாகக் கட்டி, தங்கைக்குத் தலை வாரி, எங்களை ரோட்டோரம் நிறுத்தியிருந்தாள். கூடாரங்கள் ஏறின, பெட்டிகள் ஏறின, பாய் ஏறினார். அம்மா முன்பக்கம் போய், "ஐயா, நாங்க எங்க ஏறிக்கறதுங்க?" என்றாள்.

"அங்கயே ஆள் கெடைக்கும் அஞ்சலை," என்றார் அவர், கடிகாரத்தைப் பார்த்தபடி.

லாரி நகர்ந்தபோது பாய் ஒரு துண்டு மூட்டையை எங்கள் பக்கம் வீசினார். அது அவிழ்ந்து அரிசி ரோட்டில் சிதறியது. அந்த ரோடு எங்கள் பக்கத்து வெள்ளைக்கல், அதாவது சுண்ணாம்புக்கல், போட்டது. கல்பொடியிலிருந்து அரிசியைப் பிரித்துப் பொறுக்க உச்சிவேளை ஆகிவிட்டது.

அரிசி ஒன்பது நாள் வந்தது. ஐப்பசியில் தங்கை போனாள். கடைசி நாட்களில் அவள் வாய் கரண்டியைத் தாங்காது என்று அம்மா அந்த வெள்ளைக் கிண்ணத்தில்தான் கஞ்சித்தண்ணீர் விட்டாள். விடும் தண்ணீரில் பாதியைக் கிண்ணமே குடித்துவிடும். விளிம்பு அவள் உதட்டில் ஒட்டிக்கொள்ளும், மெதுவாகப் பிரித்து எடுக்க வேண்டும்.

அதன்பின் நான் நிறைய ஊர் சுற்றிவிட்டேன். துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன், ரயில் பாதையில் கல் உடைத்தேன், கிடைத்ததையெல்லாம் புகைத்தேன். கல்லு ஐயா சொன்னதும் சரி, பாய் சொன்னதும் சரி. மரம் பழகும்வரை கசக்கும், பழகிவிட்டால் உன்னை விடாது. மண் சுங்கானில் புகையிலையின் ருசி கலப்பில்லாமல் வரும், ஆனால் விரல் பொசுங்கும். மக்காச்சோளக்கட்டைப் பைப்பு ஒரு மாதம் இனித்துவிட்டுக் கரியாகும். வெள்ளை பதித்தது எல்லாவற்றிலும் சுகம். யாரோ கொடுத்துத்தான் நான் அதைக் குடித்துப் பார்த்தேன், முழுதாகக் குடித்து முடிக்கவில்லை.

பம்பாயில் பைப்பு பழுது பார்க்கிற ஒரு கிழவரிடம் என் கதையைச் சொல்லாமல், கிண்ணம் கழன்றால் என்ன செய்வீர்கள் என்று மட்டும் கேட்டேன். அது சாதாரணமாக நடப்பதுதான் என்றார். முட்டை வெள்ளைக்கருவில் வெள்ளைக்கல் பொடியைக் குழைத்து ஒட்டி ஒரு ராத்திரி வைத்தால் நின்றுவிடும். பாயின் அடுப்படியில் கூடை நிறைய முட்டை இருந்தது. வெள்ளைக்கல் மேலேயே நாங்கள் நின்றிருந்தோம்.

போன வருடம் அந்தப் பக்கம் போனேன். புளியந்தோப்பு இல்லை. தோப்பு நின்ற தரையும் இல்லை. சிமெண்டுக்காக வெட்டி எடுத்து, பனை உயரத்துக்கு ஒரு பள்ளம் கிடக்கிறது. தோப்போரம் தங்கையைப் புதைத்த மேடு எந்தப் பக்கம் என்று கேட்க அங்கே ஆளில்லை. பைப்பின் மரப்பாகத்தை எப்போதோ ஒரு ரயிலில் தொலைத்துவிட்டேன். கிண்ணம் இருக்கிறது. பள்ளத்தின் விளிம்பில் நின்று அதை எடுத்து நாக்கை வைத்துப் பார்த்தேன். இப்போதும் ஒட்டுகிறது.