மாம்பூ பார்த்தவர்

முட்டித் தேய்மானத்தால் விட்ட ஓட்டத்தை ஐம்பது வயதில் மறுபடி பிடித்தவர், பாலக்காடு பக்கம் எங்கள் முதலமடையின் மாங்காய் வியாபாரி ஒருவர். மடித்துக் கட்டிய வேட்டிக்குக் கீழே முட்டிப்பட்டை தெரியும். மாந்தோப்புச் சாலையில் ஓடும்போது பின்னால் வண்டிச் சத்தம் கேட்டால் நின்று, அண்ணாந்து மாம்பூவைப் பார்ப்பார். ஒருநாள் காரணம் கேட்டேன்.

"ஓடறதப் பாத்தா என்னமோ ஏதோன்னு பதறி, வண்டில ஏறுங்கங்கறாங்க. முட்டி வலின்னு தெரிஞ்சா ஊட்டுலயே கொண்டாந்து உட்டர்றாங்க. அப்பறம் எப்பத்தானுங்க ஓடறது?"

என் முட்டி அறுவை சிகிச்சைக்குப் பிறகு நானும் அந்தச் சாலையில் மெல்ல ஓடத் தொடங்கினேன். முதல் நாளே பின்னால் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. நின்று அண்ணாந்தேன். மேலே மரமே இல்லை, மின்கம்பிதான்.

ஸ்கூட்டரில் அந்த வியாபாரி, ஒரு காலை மடக்காமல் நீட்டியபடி. என்னை ஏறச் சொல்லவில்லை.

"பூ நல்லா வந்துருக்குதுங்களா?"

"வந்துருக்குதுங்க."

அவர் ஏன் ஓடவில்லை என்று நானும் கேட்கவில்லை.